பென்சில் கோடு

விசைத்தறி ஓயும் நேரம் பார்த்து
மத்தியானம் ஒன்றரைக்கு வரச் சொல்லியிருந்தேன்.
அவருக்கு முன்னால்
எலுமிச்சை வாடை மாடிப்படி ஏறி வந்தது.

மாடக்கண்ணு அண்ணாச்சி.
கமிஷன் கடை பைபாஸுக்கு மாறிய சேதியை
ஆட்டோவில் கட்டி ஓட்ட வேண்டும்,
சிந்தாமணி, வாசுதேவநல்லூர்,
இந்தப் பக்கம் கடையநல்லூர் வரை.

ஸ்டுடியோ என்று போர்டில்தான் இருக்கிறது.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை,
அதன்மேல் ரெண்டு சமுக்காளம்.
மைக்குக்கு முன்னால்
எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய
நைலான் காலுறை, வீட்டுக்காரியுடையது.
விசிறியை அணைத்தேன்.
மிக்ஸியை நிறுத்தச் சொல்லித்
தரையில் ரெண்டு மிதி.

யாரும் பேசாதபோதும்
திரையின் அடியில் ஒரு பச்சைப் புழு நெளியும்,
மைனஸ் அறுபதில்.
அது டிரான்ஸ்பார்மர், அது தெருக்குழாய்,
அது எங்கள் ரெண்டு பேர் மூச்சு.
அதைக் கொல்ல முடியாது.
அதற்கு மேலே பேச வேண்டும்,
சிவப்புக்குக் கீழே பேச வேண்டும்.
நடுவில் கிடக்கிற அந்த இடத்தில்தான் என் பிழைப்பு.

"ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க அண்ணாச்சி,
அளவு பாக்கணும்."
துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில்
"லாபம்... ரெண்டு... மூணு" என்றார்.
மண்டிக்காரர் எவர் ஒன்று என்று தொடங்குவார்?
குமிழைக் கூட்டினேன்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே!"
பத்து மூட்டைக்கு அப்பால் நிற்கிறவனுக்கும்
விலை சொல்லிப் பழகிய தொண்டை.
முழுக்கச் சிவப்பு.
அலையின் தலையெல்லாம்
கத்தரித்த வேலிபோல மொட்டை.
உடைந்ததை எவ்வளவு குறைத்து வைத்துக் கேட்டாலும்
உடைசலைத்தான் மெல்லக் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
போன வாரம் வந்த உபதேசியாரும்
அளவு பார்க்கையில் புறா.

குறைத்தேன்.
உச்சியில் கத்தினாலும்
மைனஸ் பன்னிரண்டைத் தாண்டாதபடி.
"என்னடே இது, கொசு மாதிரி கேக்கு?
துட்டு குடுக்கேம்லா, நல்லாக் கூட்டி வையி."
"கூட்டுதது பெறகு, அண்ணாச்சி.
நான் கூட்டுவேன், ஆட்டோக்காரன் கூட்டுவான்.
இப்ப மேல கொஞ்சம் எடம் கெடக்கட்டும்."
"யாருக்கு?"
"நீங்க இன்னும் போடாத சத்தத்துக்கு."
சிரிக்கவில்லை அவர்.

நாலாவது தடவை சரியாக வந்தது.
ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
மெத்தையைப் பார்த்தபடி கேட்டார்.
பாதியில் ஒரு காதைக் கழற்றி,
"இது பூதத்தான்லா" என்றார்.

கூடப் பிறந்த அண்ணன்.
தராசைப் பிரித்தார்கள், பேரேட்டைப் பிரித்தார்கள்,
பழைய கடை மூத்தவனுக்கு என்று ஆனது.
இது ஒன்று பஞ்சாயத்தில் வரவே இல்லை.

"கொஞ்சம் கொறைச்சா நான் மாதிரி ஆகுமா?"
குறைத்துக் காட்டினேன்.
உன்னிப்பாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தூரத்துல நிக்க பூதத்தான்."

நானூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
எண்ணியது லாபத்திலிருந்து.
குமிழின் ஓரம் பென்சிலால் ஒரு கோடு போட்டு
'மா' என்று எழுதி வைத்தேன்,
அடுத்த தடவைக்கு உதவும் என்று.

ஆட்டோ ஊர் ஊராகப் போனது.
அண்ணன்தான் கடையை மாற்றிவிட்டான் என்று
சில லோடுகள் பைபாஸில் இறங்கியதாகப் பேச்சு.

ஐப்பசி அடைமழையில்
மறுபடி எலுமிச்சை வாடை படியேறியது.
குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு
சங்கிலிபூதத்தான்.
கடை அதே இடத்தில்தான் இருக்கிறது என்று
ஊருக்குச் சொல்ல வேண்டுமாம்.

மைக்கைப் பார்த்ததும் ஆள் சுருங்கிப் போனார்.
நைலான் வட்டத்துக்கு முன்னால்,
கோயிலில் பேசுகிற மாதிரி,
"லாபம்... ரெண்டு..."

மழையில் பச்சைப் புழு
மைனஸ் நாற்பது வரை ஏறியிருந்தது.
குமிழைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்,
ஹெட்போனைக் காதிலிருந்து
ஒரு விரல் தள்ளிப் பிடித்தபடி.